“என்னை எப்பயிருந்து ‘நீங்கள்’ எண்டு கூப்பிடுறீங்கள்?”

இதை எழுத உட்காரவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. போன காசு என்னுடையதாக இருந்திருந்தால் அடுத்த கிழமையே எழுதியிருப்பேன். என் வட்ஸ்அப் இலக்கத்திலிருந்து, என் படத்தோடு, நான் கேட்பதுபோலக் கேட்டு மூன்று பேரிடம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் கையிலிருந்து போனது ஆறு எண்கள் மட்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம், நானும் மகனும். கணவர் டோஹாவில் வேலை. மகனுக்கு அடுத்த வருடம் ஏ.எல். பரீட்சை, ஞாயிறு என்றால் காலை ஏழு மணிக்கு டியூசனுக்குப் போனால் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வருவான். நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன், ஒரு கை முழுக்க மா. ஒன்பது நாற்பதுக்கு வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த சிநேகிதியிடமிருந்து. பழைய மாணவிகளின் ஸூம் கூட்டம் பத்து மணிக்கு, உனக்கு ஒரு கோட் வரும், அதை எனக்கு அனுப்பினால் சேர்த்துவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடக் குரூப்பில் கிழமைக்கொரு ஸூம் கூட்டம் நடக்கும் என்பதால் சந்தேகமே வரவில்லை. கோட் வந்தது. மா ஒட்டாத விரலால் அதை அப்படியே அனுப்பினேன். பத்து செக்கன் வேலை.

இப்போது யோசித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்தச் சிநேகிதி வாழ்நாளில் எனக்கு முழு ஆங்கிலத்தில் எழுதினதே இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டு, நடுவில் நாலு சிரிப்புப் படம் போட்டு, கடைசியில் ‘என்னடி’ என்று முடிப்பவள். அன்று வந்தது அலுவலகக் கடிதம் மாதிரி முற்றுப்புள்ளியெல்லாம் சரியாக வைத்த ஆங்கிலம். அவளுடைய கணக்கும் அதற்கு அரை மணி நேரம் முன்னர்தான் பறிபோயிருந்தது என்று பிறகு தெரிந்தது. கோட் வந்த எஸ்.எம்.எஸ்ஸிலேயே இதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது, அதையும் நான் வாசிக்கவில்லை. எண்ணை மட்டும்தான் கண் எடுத்தது. அது ஸூமுக்கான கோட்டே இல்லை, என் வட்ஸ்அப்பை வேறு போனில் திறப்பதற்கான கோட்.

ஐந்து நிமிடத்தில் வட்ஸ்அப் என்னை வெளியே தள்ளிவிட்டது. உங்கள் இலக்கம் இந்தப் போனில் பதிவில் இல்லை என்று காட்டியது. சரி, ஏதோ அப்டேட் பிரச்சினை என்று போனை நிறுத்திப் போட்டேன். சரிவரவில்லை. அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினேன், அதனால் கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த படங்களும் கதைகளும் போனது வேறு விஷயம். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. பத்தரை மணிக்குத் தம்பி வவுனியாவிலிருந்து நேரடியாக அழைத்தான். எடுத்ததும் சிரிப்பு. “அக்கா, உங்களுக்கு என்ன நடந்தது? என்னை எப்பயிருந்து ‘நீங்கள்’ எண்டு கூப்பிடுறீங்கள்?”

என் கணக்கிலிருந்து அவனுக்குத் தமிழில் ஒரு மெசேஜ் போயிருக்கிறது. வணக்கம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், எனக்கு ஒரு அவசர உதவி தேவைப்படுகிறது, என் வங்கி செயலி வேலை செய்யவில்லை, நீங்கள் எண்பதாயிரம் ரூபாய் அனுப்ப முடியுமா, நாளை காலை திருப்பித் தருகிறேன் என்று. அவனுடைய பெயர் தமிழில் இருந்ததைப் பார்த்து, ஏதோ மொழிபெயர்ப்பில் போட்டுத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். நான் அவனைத் தொட்டிலில் இருந்த காலத்திலிருந்து ‘டேய்’ என்று கூப்பிடுகிறவள். அந்த ஒரு ‘நீங்கள்’ எண்பதாயிரத்தைக் காப்பாற்றியது. தம்பிக்குத் தொழில்நுட்பம் பற்றி ஒன்றும் தெரியாது, அவனுக்கு அக்காவைத் தெரியும், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மன்னிக்க முடியாத இடம். பத்தரை மணிக்கே விஷயம் தெரிந்துவிட்டது. உடனே எல்லாருக்கும் அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு யார் கேட்டாலும் ஓ.டி.பி. கொடுக்காதே என்று சொல்லிக்கொடுப்பதே நான். அந்த நானே கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சத்தம் போடாமல் கணக்கைத் திருப்பி எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு போனோடு மல்லுக்கட்டினேன். கோட் கேட்டால், பல தடவை கேட்டாயிற்று, இவ்வளவு நேரம் காத்திரு என்று எண்ணிக்கை ஓடியது. கள்ளன்தான் வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கேட்டு அதை அடைத்து வைத்திருக்க வேண்டும். நான் அந்த எண்ணிக்கை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். பன்னிரண்டு இருபதுக்குத்தான் எனக்குக் கோட் வந்தது.

மூன்று பேரும் காசு அனுப்பிய நேரங்களைப் பிறகு எழுதிப் பார்த்தேன். கீழ் மாடியிலிருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்டர் அறுபதாயிரம், பத்தேகாலுக்கு. அது எனக்கு ஒன்றும் தெரியாத நேரம். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைச் சிங்களப் பிள்ளை இருபத்தையாயிரம், பதினொன்று இருபதுக்கு. லண்டனிலிருக்கும் மச்சாள் தொண்ணூற்றையாயிரம், பதினொன்றேமுக்காலுக்கு, அங்கே காலை ஏழேகால், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் வழியில். தாய் தகப்பனின் செலவுக்கென்று இங்கே வைத்திருக்கும் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறாள். அதாவது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் எனக்கு விஷயம் தெரிந்த பிறகு போனது. நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு மணித்தியாலத்தின் விலை அது.

உங்களுக்கு இப்படி நடந்தால், தயவுசெய்து, முதலில் ஆட்களுக்குச் சொல்லுங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம். யாருக்குச் சொல்வது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. என் போன்புக் முழுவதும் கள்ளன் கையில் இருக்கிறது என்று நினைத்துப் பயந்தேன், அப்படியில்லை. பழைய உரையாடல்கள் நம் போனிலேதான் கிடக்கும், வேறு போனில் நம் இலக்கத்தைப் பதிந்தால் அவை அங்கே போகாது. குரூப்கள் போகும். குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மாஸ்டர் எங்கள் மாடிக் குடியிருப்புக் குரூப், அந்தப் பிள்ளை அலுவலகக் குரூப், மச்சாளும் தம்பியும் குடும்பக் குரூப். ஆகவே ஒவ்வொரு குரூப்பிலும் ஒருவருக்கு அழைத்து, என் இலக்கத்தை இப்போதே குரூப்பிலிருந்து நீக்கச் சொல்லியிருந்தாலே பாதி அடைபட்டிருக்கும். அதற்கு அட்மின் வேண்டும். எங்கள் பள்ளிக்கூடக் குரூப்பின் ஒரே அட்மின் டொரொண்டோவில், இங்கே பத்தரை என்றால் அங்கே இரவு ஒரு மணி, நல்ல நித்திரை. இப்போது எல்லாக் குரூப்பிலும் இங்கே ஒருவர், வெளிநாட்டில் ஒருவர் என்று இரண்டு அட்மின் வைக்கச் சொல்லி எல்லாரையும் அரித்துக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு இருபதுக்கு வந்த கோட்டைப் போட்டதும் அவன் என் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டான். இதைத் தெரிந்துவைத்திருங்கள், உங்கள் சிம் உங்களிடம் இருக்கும்வரை புதிய கோட்டை உங்கள் போனில் போட்டால் மற்றவன் தானாகவே வெளியே போவான். நானும் உள்ளே போகவில்லை என்பதுதான் கூத்து. அடுத்ததாக ஆறு இலக்க பின் நம்பர் ஒன்றைக் கேட்டது. நான் அப்படி ஒன்றை வைத்ததே இல்லை. அவன் வைத்திருக்கிறான். அந்தப் பின் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்ற இடத்தில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று இருக்கும், அதுதான் இது. மகன் ஒரு வருடமாக வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தான், பிறகு பார்ப்போம் என்றேன். நான் வைத்திருந்தால் கள்ளனிடம் ஆறு எண் போயும் பிரயோசனம் இருந்திருக்காது. இரண்டு நிமிட வேலை. பிறந்த வருடத்தைப் போடாதீர்கள், மறந்துபோனால் மீட்க ஈமெயிலையும் கொடுத்துவையுங்கள்.

ஒரு மணிக்கு மகன் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவனே என் பேஸ்புக்கில் அறிவித்தலைப் போட்டான், சாதாரண எஸ்.எம்.எஸ்ஸில் நூற்றுச் சொச்சம் பேருக்கு அனுப்பினான், நான் ஒவ்வொருவராக அழைத்தேன். மூன்று மணிபோல ஒரு அழைப்பு. போன் கம்பனியிலிருந்து கதைக்கிறோம், உங்கள் கணக்கு களவு போனதாக அறிந்தோம், மீட்டுத்தர இப்போது வரும் கோட்டைச் சொல்லுங்கள் மெடம் என்று மிக மரியாதையான ஆங்கிலம். நம்புவீர்களா, சொல்ல வாய் திறந்துவிட்டேன். களைத்துப்போன மனிதருக்கு யாராவது உதவி செய்கிறேன் என்றாலே போதும். மகன் கையிலிருந்து போனைப் பறித்தான். வெளியே தள்ளப்பட்ட அதே ஆட்கள் திரும்ப உள்ளே வரப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை ஏமாந்தவரைத்தான் இரண்டாம் தடவையும் குறிவைக்கிறார்கள் போல.

இனி வங்கி. முன்பு ஸ்லிப்ஸ் முறையில் வேறு வங்கிக்குக் காசு அனுப்பினால் போய்ச் சேர அடுத்த நாளும் ஆகும். இப்போது சிஃப்ட்ஸ் என்ற உடனடி முறை வந்த பிறகு செக்கன் கணக்கு, ஞாயிறும் பார்க்காது, போயா விடுமுறையும் பார்க்காது. அந்த வசதியை நானே அலுவலகத்தில் புகழ்ந்திருக்கிறேன். கள்ளனுக்கும் அதே வசதிதான். மாஸ்டரின் வங்கி ஹொட்லைனுக்கு அழைத்தோம், தமிழுக்கு மூன்றை அழுத்தி இருபது நிமிடம் பாட்டுக் கேட்டோம், பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினதும் இரண்டு நிமிடத்தில் ஆள் வந்தது. காசு போன கணக்கு வேறு வங்கி. அவர்களுக்கு அறிவிக்கிறோம், அந்தக் கணக்குக்காரரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். திங்கட்கிழமை நேரில் போனபோது அங்கிருந்த அதிகாரி மெதுவாகச் சொன்னார், காசு வந்து அரை மணித்தியாலத்துக்குள் ஏ.டி.எம்மில் எடுத்தாயிற்று. கணக்கு யாரோ ஒரு கூலி வேலைக்காரரின் பெயரில் இருக்குமாம், மாதம் கொஞ்சம் காசு தருகிறோம் என்று அட்டையையும் பின் நம்பரையும் வாங்கிக்கொள்வார்களாம். மாஸ்டர் அனுப்பும்போது பெயர் போடும் இடத்தில் என் பெயரைத்தான் போட்டிருக்கிறார். “ஒன்லைனில் இலக்கம் சரியாக இருந்தால் காசு போகும், பெயரை மெஷின் பார்க்காது” என்றார் அந்த அதிகாரி. கணக்குப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தும் அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

பொலிஸுக்குப் போவதில் நான் இரண்டு பிழை விட்டேன். முதல் பிழை, தனியாகப் போனது. என் வட்ஸ்அப் களவு போனது என் முறைப்பாடு, காசு போனது காசு அனுப்பியவரின் முறைப்பாடு, அவர்தான் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் எழுபத்துநாலு வயது மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கில் மூன்று மணித்தியாலம் இருத்திவைத்தேன். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல், நான் படிப்பித்த காலத்தில் வெள்ளவத்தை எப்படி இருந்தது தெரியுமா என்று கதைத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மணித்தியாலம்தான் எனக்குக் கிடைத்த தண்டனை. இரண்டாவது பிழை, ஒன்றையும் அச்செடுத்துக்கொண்டு போகாதது. போனில் ஸ்க்ரீன்ஷொட் இருக்கிறது என்றால் பிரிண்ட் கேட்பார்கள், வெளியே ஓடிக் கடை தேட வேண்டும். காசு அனுப்பிய ரசீது, மெசேஜ் வந்த நேரம் தெரியும் படம், கணக்கு இலக்கம், அடையாள அட்டைப் பிரதி, எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், கையெழுத்தில் வாசிக்க வராது. அலுவலகப் பிள்ளை பக்கத்தில் இருந்து வாசித்துப் பார்த்தபோது காசை நான் அனுப்பியதாக எழுதியிருந்தது. திருத்திய பிறகே மாஸ்டர் கையெழுத்து வைத்தார். தமிழும் அரச கரும மொழிதான், தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் எழுத ஆள் வரும்வரை இருக்க அன்று எங்களுக்குத் தெம்பில்லை. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள், அது இல்லாமல் வங்கியில் ஒரு அடி நகராது.

101க்கு அழைத்தால் இலங்கை சேர்ட் என்ற கணினி அவசரப் பிரிவு வரும். அவர்கள் பொலிஸ் இல்லை, காசைப் பிடித்துத் தர மாட்டார்கள், ஆனால் அடுத்தது என்ன செய்வது என்று பொறுமையாகச் சொன்னார்கள், அந்த நேரத்தில் அதுவே பெரிது. 2007ஆம் ஆண்டிலேயே கணினிக் குற்றச் சட்டம் வந்துவிட்டது, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கென்றே பிரிவும் இருக்கிறது, முறைப்பாடு அங்கே போயிருக்கிறது என்கிறார்கள். இரண்டு மாதத்தில் காசு வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மூன்று நாள் லீவு, ஓட்டோவுக்கும் பிரிண்டுக்கும் ஏழாயிரம் சொச்சம்.

அந்த ஏழு நாளும் வட்ஸ்அப் இல்லாமல் இருந்தபோதுதான் எங்கள் சீவியம் முழுவதும் அதற்குள் குடியேறிவிட்டது தெரிந்தது. தண்ணீர்த் தாங்கி கழுவுகிறார்கள் என்ற அறிவித்தல் எனக்கு வரவில்லை, தலையில் சவர்க்காரத்தோடு நின்றேன். மீன்காரர் என்ன மீன் என்று படம் போடுவார், அதைப் பார்த்துத்தான் சொல்லிவைப்பேன், அந்தக் கிழமை முழுக்க முட்டையும் பருப்பும். அம்மாவின் பெரியம்மா மகன் ஒருவர் காலமான அறிவித்தல் குடும்பக் குரூப்பில் வந்து, எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. யாரும் அழைக்கவில்லை, குரூப்பில் போட்டாயிற்றே என்று நினைத்திருப்பார்கள். இன்னொரு பக்கம், இரவு பதினொரு மணிக்கு அலுவலகக் குரூப் கத்தாமல் இருந்ததில் நன்றாக நித்திரை கொண்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மச்சாளிடம் பிறகு கேட்டேன், ஏன் எனக்கு ஒரு தடவை அழைத்துக் கேட்கவில்லை என்று. எனக்குக் கோபம்கூட வந்தது. அவள் சொன்னாள், “நீ ஒருநாளும் காசு கேட்காத ஆள். நீயே வாய் திறந்து கேட்கிறாய் எண்டால் எவ்வளவு கஷ்டம் இருக்கும். அழைச்சு ஏன் எதுக்கு எண்டு கேட்டால் உனக்கு வெட்கமாயிருக்கும் எண்டு பேசாமல் போட்டுவிட்டன்.” மாஸ்டர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அலுவலகப் பிள்ளையும் ‘அக்கா, கேட்க ஒரு மாதிரி இருந்தது’ என்றாள், தமிழர் சிங்களவர் என்று இதில் வித்தியாசம் இல்லை. கேள்வி கேட்காமல் கொடுப்பதைத்தான் மரியாதை என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். கள்ளன் உடைத்த பூட்டு அதுதான் என்று எனக்குப் படுகிறது, ஆறு இலக்கக் கோட் வெறும் படலை.

இப்போது எங்கள் குடும்பத்தில் ஒரு ஏற்பாடு. காசு என்ற சொல் வந்தால் யாராக இருந்தாலும் சாதாரண போனில் அழைத்து, எங்கள் பழைய வீட்டு ஆட்டின் பெயரைக் கேட்க வேண்டும். அந்தப் பெயர் எந்தக் குரூப்பிலும் எழுதப்படவில்லை, எழுதவும் கூடாது. குரலைக்கூடச் செய்து அனுப்புகிற காலம் என்பதால் குரலைக் கேட்டது மட்டும் போதாது என்று மகன் சொன்னான். டோஹாவிலிருந்து கணவர் போன மாதம் ஒரு செலவு விஷயமாக எழுதியபோது நான் அழைத்து ஆட்டின் பெயரைக் கேட்டேன். அவருக்கு அது ஞாபகம் இல்லை. பத்து நிமிடம் சண்டை.

மாஸ்டரின் அறுபதாயிரத்தை என் சீட்டுக் காசை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்று நின்றார், மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மற்ற இருவரும் வாங்கவே இல்லை, அது இன்னும் என் கணக்கில் நிலுவைதான். மாஸ்டர் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். நேற்றுக்கூட குடியிருப்புக் குரூப்பில், நாளை லிப்ட் திருத்த ஆள் வருகிறார் என்று ஒரு வரி போட்டேன். ஐந்து நிமிடத்தில் பெல் அடித்தது. இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு வாங்க, போனை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். “பிள்ளை, இது நீர்தானே போட்டது?”